தண்ணி வரத்து எப்படி?

தென்காசியில் வளர்ந்தவர்களுக்கு ஆனி மாதம் பிறந்துவிட்டால் வாயில் ஒரே கேள்விதான். பஸ் ஸ்டாண்டில், பலசரக்குக் கடையில், பல் டாக்டர் வீட்டுத் திண்ணையில்கூட அதுதான்: "தண்ணி வரத்து எப்படி?" குற்றாலத்திலிருந்து ஈரத் துண்டோடு திரும்புகிறவர்களை மடக்கிக் கேட்கலாம், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. "மெயினருவில சுமாரா விழுது, ஐந்தருவிக்குப் போயிருங்க" என்று அவர்களும் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். யாரும் அழுத்தம் எப்படி என்று கேட்டதில்லை. வரத்துதான் கேள்வி.

இந்த ஒரு சொல்லை மறந்துபோனதால், கிழக்கு லண்டனில் போன குளிர்காலத்தில் மூன்று ஷவர் ஹெட் வாங்கினேன். அதில் ஒன்று குளியலறைத் தரையை நனைத்தது.

எங்கள் வீடு ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது. ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய பழைய வீடுகளில் ஒன்று. மாடிக் குளியலறையில் முன்பிருந்தவர்கள் மாட்டிவைத்துப்போன எலெக்ட்ரிக் ஷவர் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் "கீசர்தானே" என்பார்கள். ஏறத்தாழ அதேதான், ஆனால் தண்ணீரைச் சேர்த்துவைக்கிற தொட்டி கிடையாது. செங்கல் அளவைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. தெருக்குழாயிலிருந்து வருகிற பச்சைத்தண்ணீர் ஒரு பக்கம் நுழைகிறது, உள்ளே சூட்டுக் கம்பிகளை உரசிக்கொண்டு ஓடுகிறது, மறுபக்கம் வெந்நீராக ஹோஸில் இறங்கிவிடுகிறது. வீட்டுக்கும் தண்ணீருக்கும் சூடு தருகிற பாய்லர் பழுதாகி வீடே விறைத்துக் கிடந்தாலும் இது வேலை செய்யும். அதனாலேயே இங்கே பல வீடுகளில் இதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

எங்களுடையது 8.5 கிலோவாட். தென்காசி வீட்டில் இருக்கிற கீசர் 3 கிலோவாட். ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி, ஆகவே மூன்று மடங்கு தண்ணீர் வர வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வந்தது என்னவோ ஒரு மாதிரி சிணுங்கல். பழைய ஷவர் ஹெட்டில் பாதித் துளைகள் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தன. மீதித் துளைகளில் சில நேராகவும் சில சுவரைப் பார்த்தும் பீய்ச்சின. தலையில் ஷாம்பு போட்டால் அலசி முடிக்கப் பொறுமை போய்விடும். சரி, ஹெட்டை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் குற்றாலத்து ஆசை குறுக்கே வந்தது. இணையத்தில் தேடியபோது 20 சென்டிமீட்டர் அகலத்தில், சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. 'மழை' என்று அதற்குப் பெயர். படத்தில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், மேலிருந்து தண்ணீர் திரையாக விழுந்தது. பழைய குற்றாலத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

மாட்டுவது சுலபம். இங்கே ஷவர் ஹெட்டுக்கும் ஹோஸுக்கும் ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் அரை இஞ்ச் மரைதான், எதையும் எதிலும் முடுக்கலாம். மரை பொருந்துகிறதே, அப்புறம் என்ன என்று ஏமாந்துபோவதும் அதனால்தான். தட்டை மாட்டினேன். அதன் கனத்துக்கு, கம்பியில் ஹெட்டைப் பிடித்திருக்கிற கவ்வி மெதுவாகத் தலைகுனிந்தது. நிமிர்த்தி, இறுக்கி, தண்ணீரைத் திறந்தேன்.

மழைதான். ஆனால் கூரையில் மழை விட்ட பிறகு ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுமே, அந்த மழை. தட்டின் நடுவில் ஒரு கை அகலத்துக்கு நூல் நூலாக இறங்கியது, ஓரத்துத் துளைகளில் சொட்டு. நடுவில் விழுந்ததும் வழியிலேயே ஆறி, தோளைத் தொடும்போது வெதுவெதுப்புதான் மிச்சம். டிசம்பர் மாதம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் குளித்தேன், வாங்கிவிட்டோமே என்ற வீம்பில்.

அந்த வாரத்தில்தான் அம்மா வந்தாள். குளிர்காலத்தில் வராதே என்று எவ்வளவோ சொல்லியிருந்தேன். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததென்று தம்பி போட்டுவிட்டான். வந்த மறுநாள் காலையில் குளியலறைக்குள் போனவள் இரண்டே நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, வாளி எங்க?"

வாளி இல்லை என்றேன். "வாளி இல்லாத வீட்டுல எப்படி இருக்கே நீ" என்ற பார்வையோடு கதவு மூடியது. அன்று மாலையே ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு கடையில் 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியும் ஒரு மக்கும் வாங்கிவந்தோம். ஹோஸ் வாளிக்கு எட்டவில்லை. கம்பியில் ஹோஸைப் பிடித்துவைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் வளையத்தை நானே கழற்றிவிட்டேன். இப்போது எட்டியது. அந்த வளையம் எதற்கு இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அம்மா வாளி நிறையும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து கந்தசஷ்டிக் கவசம் சொல்வாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "கவசத்துல பாதி தாண்டியாச்சு, இது இன்னும் நிறையல. ஊர்ல இந்நேரம் குளிச்சு முடிச்சு அடுப்புல பாலை வச்சிருப்பேன்." எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நின்று கைபேசியில் நேரம் பார்த்தேன். நல்ல சூட்டில் 10 லிட்டர் நிறைய 2 நிமிடம் 50 வினாடி. நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர். அவ்வளவுதான் எங்கள் வீட்டு அருவியின் வரத்து.

அப்போதாவது நான் நிதானித்திருக்கலாம். தப்பாகத்தான் கணக்குப் போட்டேன். அழுத்தம் போதவில்லை, அழுத்தத்தைக் கூட்டுகிற ஹெட் வாங்க வேண்டும். அப்படி விற்கிறவர்களுக்கா பஞ்சம்? இரண்டாவதாக வந்தது கண்ணாடிக் கைப்பிடி வைத்தது. கைப்பிடிக்குள் பழுப்பும் வெள்ளையுமாகக் கல் உருண்டைகள். அழுத்தத்தை இருமடங்காக்குமாம், தண்ணீரைச் சிக்கனமாக்குமாம், தோலுக்கு நல்லதாம். முகப்பில் ஊசிமுனைத் துளைகள். கைப்பிடியில், தண்ணீரை நிறுத்த ஒரு பொத்தான். அம்மா கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "இது என்னட்டி உள்ள, இலந்தப்பழக் கொட்டையா?"

முதல் இரண்டு நாள் பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஊசி ஊசியாக, முதுகில் சுரீரென்று விழுந்தது. சூடும் கூடியிருந்தது. கூடியது என்பதைவிட, சுட்டது. சூட்டுத் திருகைக் குறைத்துவைத்தேன். மூன்றாம் நாள் சோப்பு போட்டு நிற்கும்போது திடீரென்று பச்சைத்தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வெந்நீர். மறுபடி பச்சைத்தண்ணீர். ஒன்பதாம் நாள் அம்மா குளிக்கப் போனாள். வாளியை ஒதுக்கிவைத்துவிட்டு, புது சாமானை உபயோகித்துப் பார்ப்போமே என்று நின்றுகொண்டே குளித்திருக்கிறாள். சோப்பு தேய்க்கும்போது தண்ணீர் வீணாகக்கூடாதல்லவா? பொத்தானை அழுத்தியிருக்கிறாள். நான் கீழே சமையலறையில் இருந்தேன். மேலே 'டப்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது.

கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து மின்சாரத்தை அணைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரையும் அடைத்தோம். அம்மா சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு, "நான் ஒண்ணும் செய்யலட்டி, அமுக்கினேன், அவ்வளவுதான்" என்றாள்.

தெரிந்தவர்கள் மூலம் ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார், யாழ்ப்பாணத்துத் தம்பி. பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஹெட்டைத்தான் பார்த்தார்.

"அக்கா, உதை ஆர் பூட்டினது?"

"நான்தான் தம்பி."

"மிசினில ஒரு பிழையும் இல்லை. பிழை எல்லாம் உந்தக் கல்லுக் குண்டுக்குள்ளதான் இருக்கு." மூடியைக் கழற்றி, அடியில் இருந்த சின்னப் பாகம் ஒன்றைக் காட்டினார். "தண்ணி வெளிய போற வழியை மறிச்சால் உள்ளுக்க அமுக்கம் ஏறும். ஏறினால் எங்கையாவது வெடிக்கவேணும். தாங்கி வெடிக்காமல் இருக்கத்தான் இதை வச்சிருக்கிறாங்கள். இது பாய்ஞ்சது நல்லதுக்கெண்டு நினையுங்கோ." தாங்கி என்று அவர் சொன்னது, தண்ணீர் சூடாகிக்கொண்டே ஓடுகிற, கம்பிகள் இருக்கிற சின்னக் கூட்டை.

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "குக்கர்ல ஈயம் உருகுமே, அதா?" அதேதான். குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி, ஒரு தடவை போனால் புதிதுதான் போட வேண்டும்.

அவர் வேலை செய்துகொண்டே சொன்னதையும் அப்புறம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். சாதாரணக் குழாயில் தண்ணீரை அடைக்கிற இடம் கடைசியில் இருக்கும். எலெக்ட்ரிக் ஷவரில் அது தண்ணீர் உள்ளே நுழைகிற பக்கம் இருக்கிறது. வெளியேறுகிற பக்கம், அதாவது ஹோஸும் ஹெட்டும், எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும். அதற்கேற்பத்தான் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். நிறுத்தும் பொத்தான் வைத்த ஹெட்டை மாட்டினால், மூடக்கூடாத பக்கத்தை மூடுகிறோம். தெருக்குழாயின் முழு அழுத்தமும் உள்ளே இருக்கிற தாங்கியில் ஏறுகிறது. கம்பி ஏற்கெனவே சூடாக இருப்பதால் தேங்கிய தண்ணீர் இன்னும் சூடாகிறது. அந்தச் சின்னப் பாகம் பாய்ந்திராவிட்டாலும், திரும்பப் பொத்தானை அழுத்தும்போது முதலில் வருவது கொதிநீராகத்தான் இருந்திருக்கும். அம்மாவின் முதுகை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

நான் திருகித் திருகி விளையாடிய சூட்டுத் திருகு பற்றி அவர் சொன்னது எனக்குப் பெரிய செய்தி. எங்களுடையது போன்ற சாதாரண மாடல்களில் அந்தத் திருகு சூட்டைத் தொடுவதே இல்லை. கம்பி எரிகிற அளவை வேறு ஒரு திருகு தீர்மானிக்கிறது. அதில் குறைவு, அதிகம் என்று இரண்டு நிலைதான். சூட்டுத் திருகு வெறும் தண்ணீர்த் திருகு. 'சூடு' பக்கம் திருப்பினால் தண்ணீர் குறைகிறது, குறைந்த தண்ணீர் அதே கம்பியில் அதிகம் சூடாகிறது. 'குளிர்' பக்கம் திருப்பினால் தண்ணீர் கூடுகிறது. ஊசித்துளை ஹெட் தண்ணீரை மறித்தபோது நானாகத் திருகாமலேயே அது சூடு பக்கம் போய்விட்டது. நான் குளிர் பக்கம் திருப்பியும் பயனில்லை, வாசலை ஹெட் மறித்துக்கொண்டு நிற்கிறதே. உள்ளே சூடு எல்லை மீறியதும் பாதுகாப்பு சுவிட்ச் கம்பியை அணைக்கிறது, பச்சைத்தண்ணீர் வருகிறது, ஆறியதும் திரும்பப் பற்றிக்கொள்கிறது. ஒரு வாரமாகப் பெட்டி என்னிடம் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

கிளம்பும்போது அந்த வளையத்தையும் கவனித்துவிட்டார். "இதில ஒரு வளையம் இருந்திருக்கவேணுமே, எங்க?" அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். ஹெட் தொட்டித் தண்ணீரிலோ வாளியிலோ முங்காமல் தடுக்கத்தான் அது. எங்காவது தெருவில் குழாய் உடைந்து அழுத்தம் விழுந்தால், வாளியில் முங்கிக் கிடக்கிற ஹெட் வழியாக அழுக்குத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம். இங்கே அதற்குச் சட்டமே இருக்கிறது. வளையத்தைத் திரும்ப மாட்டினார். வாளியை ஸ்டூலின் மேல் உயர்த்திவைத்தோம். ஹெட்டும் எட்டியது, முங்கவும் இல்லை. அது அம்மாவின் யோசனை.

அவர் போன பிறகு ஒரு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். பள்ளியில் படித்ததுதான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல். அதை நீட்டிப் பார்த்தால் ஒரு வசதியான கணக்கு கிடைக்கிறது: 1 கிலோவாட், நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடுகிற தண்ணீரைச் சுமார் 14 டிகிரி சூடாக்கும். ஆக, கிலோவாட்டை 14-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏற்ற வேண்டுமோ அதனால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும்.

சமையலறைத் தெர்மாமீட்டரைக் குழாயடியில் பிடித்தேன். ஜனவரித் தண்ணீர் 7 டிகிரி. குளிக்க 40 வேண்டும். 33 டிகிரி ஏற்ற வேண்டும். 8.5-ஐ 14-ஆல் பெருக்கினால் 119, அதை 33-ஆல் வகுத்தால் 3.6 லிட்டர். அம்மாவின் வாளி சொன்னதும் அதுதான். தென்காசிக்கும் போட்டுப் பார்த்தேன். அங்கே குழாய்த் தண்ணீரே 26 டிகிரி இருக்கும், 14 டிகிரி ஏற்றினால் போதும், 3 கிலோவாட் கீசரிலேயே நிமிடத்துக்கு 3 லிட்டர். ஏறக்குறைய மூன்று மடங்கு மின்சாரம் எரித்தும் லண்டனில் அரை லிட்டர்தான் அதிகம்! மீதியெல்லாம் குளிரோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கில் ஷவர் ஹெட் எங்கேயாவது வருகிறதா? வரவே இல்லை. எந்த ஹெட் மாட்டினாலும் 40 டிகிரியில் வரக்கூடிய தண்ணீர் 3.6 லிட்டர்தான். தெருக்குழாயில் அழுத்தம் எங்களுக்கு நன்றாகவே இருக்கிறது, தோட்டத்துக் குழாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு வேலிவரை போகும். குறைவது வரத்து. அது மலையில் மழை பெய்தால்தான் கூடும் என்பது போல, கிலோவாட் கூடினால்தான் கூடும்.

10.5 கிலோவாட் பெட்டி மாட்டினால் என்ன என்று அந்தத் தம்பியிடம் கைபேசியில் கேட்டேன். அதற்கு 45 ஆம்பியர் வேண்டும், கேபிள் எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மின்பலகையிலிருந்து மாடிவரை புதிதாக இழுக்க வேண்டும் என்றார். கணக்குப் போட்டேன்: 147-ஐ 33-ஆல் வகுத்தால் 4.5. ஒரு லிட்டர்கூடக் கூடவில்லை. வேண்டாம் என்று விட்டேன். என் வீட்டுக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஆக மிஞ்சிய கேள்வி, இந்த மூன்றரை லிட்டரை எப்படி விழவைப்பது என்பதுதான். நல்ல ஷவர் ஹெட் தண்ணீரை உண்டாக்காது, இருப்பதைப் பங்குபோடும். 20 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு 8 சென்டிமீட்டர் ஹெட்டைப்போல ஆறு மடங்குக்கு மேல். ஒரு குடம் தண்ணீரை ஆறு பாத்திக்குப் பாய்ச்சினால் எந்தப் பாத்தியும் நனையாது. அது ஒரு எல்லை. கல் உருண்டை ஹெட் அதற்கு நேர் எதிர் எல்லை: எல்லாத் தண்ணீரையும் ஊசிக்கண்ணில் நுழைத்துப் பின்னால் தள்ளியது. எங்கள் பெட்டிக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில், முகம் சிறுத்த, துளைகள் நிறைய உள்ள, எதையும் மறிக்காத ஒன்று.

பார்க்கிங் (Barking) ரோட்டில் பிளம்பர்கள் போகிற கடை ஒன்றுக்குப் போனேன். இந்த முறை பெட்டியின் பக்கவாட்டைப் படித்தேன். 'எலெக்ட்ரிக் ஷவருக்கு ஏற்றது' என்று சிலதில் தெளிவாகப் போட்டிருக்கிறது, சிலதில் மின்னல் படத்தோடு. 'உயர் அழுத்தத்துக்கு மட்டும்' என்று போட்டதை நான் எடுக்கவில்லை. எங்களுடையது தெருக்குழாயோடு நேராக இணைந்தது, அழுத்தம் உண்டு, ஆனாலும் அவர்கள் அந்தச் சொல்லுக்குள் ஒளித்துவைத்திருப்பது 'நிறையத் தண்ணீர் வேண்டும்' என்பதைத்தான். தண்ணீர் சேமிக்கும் ஹெட்டுகள் ஒரு தனி அடுக்கு. கழுத்தில் தண்ணீரைக் குறுக்குகிற வளையம் இருக்கும். பாய்லர் தண்ணீர் வருகிற ஷவருக்கு அது நல்ல சாமான். எலெக்ட்ரிக் ஷவர் பிறப்பிலேயே சிக்கனக்காரன், அதற்கு மேலும் சிக்கனம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. காற்றைக் கலந்து துளியைப் பெரிதாக்கிக் காட்டுகிற வகையும் இருந்தது. காற்றேறிய துளி சீக்கிரம் ஆறிவிடும், ஜன்னல் வழியே குளிர் ஏறுகிற எங்கள் குளியலறைக்கு அது வேண்டாம்.

ஐந்து விதமாகப் பீய்ச்சும், ஏழு விதமாகப் பீய்ச்சும் என்று சுழற்றுகிற ஹெட்டுகளில் எனக்கு ஏற்கெனவே நம்பிக்கை போயிருந்தது. மசாஜ் என்று ஒரு நிலை இருக்கும், அதில் நடுவில் நாலைந்து துளை மட்டும் திறக்கும். திரும்பவும் மறிக்கிற கதைதான். கடைசியில் ஒரே விதமாகப் பீய்ச்சுகிற, 9 சென்டிமீட்டர் முகமுள்ள, வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்தேன். துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் மாதிரி மெத்தென்ற மூக்கு. பார்க்க அழகே இல்லை. மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். கையோடு ஹோஸும் மாற்றினேன், உள்வட்டம் 11 மில்லிமீட்டர். பழையதை வெட்டிப் பார்த்தபோது உள்ளே இருந்த குழாய் ஓரிடத்தில் நசுங்கி ஒட்டியிருந்தது, வெளியே பளபளவென்று சுற்றிய உலோகம் அதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஹெட்டையே பழித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

இரண்டு முனையிலும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துக் கையால் முடுக்கினால் போதும். டேப் சுற்ற வேண்டியதில்லை, ஸ்பேனர் போட்டு நெரிக்கவும் வேண்டாம். பெட்டியின் மூடியை மட்டும் நானே திறக்கமாட்டேன். அதற்குள் தண்ணீரும் 40 ஆம்பியரும் ஒரே கூட்டில் குடியிருக்கின்றன.

புதிய ஹெட் வந்த அன்று அம்மாவும் நானும் ஒரு பரீட்சை வைத்தோம். திருகை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, முதலில் ஹெட் இல்லாமல் வெறும் ஹோஸ் முனையிலிருந்து வாளியை நிறைத்தோம்: 2 நிமிடம் 45 வினாடி. புதிய ஹெட்டோடு: 2 நிமிடம் 50. ஆசைக்கு மழைத் தட்டை மாட்டியும் பார்த்தோம்: 2 நிமிடம் 46. மறிக்கும் குற்றம் அதனிடம் சுத்தமாக இல்லை, பாவம், அகலம்தான் அதன் வினை. வெறும் ஹோஸுக்கும் ஹெட்டுக்கும் நேரம் வெகுவாக வித்தியாசப்பட்டால் அந்த ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கல் உருண்டையை இந்தப் பரீட்சைக்கு உட்கார வைக்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

குளியல் இப்போது எப்படி என்றால், சிற்றருவி. இந்தப் பெயர் தெரியாதவர்களுக்கு: குற்றாலத்தில் கூட்டத்தில் சேராத, சின்னதாக, அடக்கமாக விழுகிற ஒன்று. தோள் அகலத்துக்குள் தண்ணீர் மொத்தமும் விழுகிறது, ஷாம்பு அலசிவிடுகிறது, சூடு ஒரே சீராக நிற்கிறது. இன்னொன்றையும் அம்மாதான் கண்டுபிடித்தாள். அவள் உயரத்துக்கு ஹெட்டை ஒரு சாண் இறக்கியிருந்தாள். மறந்துபோய் அப்படியே குளித்தபோது எனக்கும் சூடு கூடுதலாகத் தெரிந்தது. விழுகிற தூரம் குறைந்தால் துளி ஆறுவதும் குறைகிறது. ஏப்ரல்வரை அப்படியே விட்டிருந்தேன்.

லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலைத் திறந்து பார்த்தாலே தெரியும், வெள்ளைப் பொருக்கு. சிற்றாற்றுத் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு முதல் வருடம் தலைமுடி வைக்கோலாகிப் போனது தனிப் பஞ்சாயத்து. துளைகளில் சுண்ணாம்பு அடைந்தால் நல்ல ஹெட்டும் மறிக்கும் ஹெட்டாகிவிடும், அப்புறம் அந்த 'டப்' திரும்ப வரும். குளித்து முடித்ததும் கட்டைவிரலால் அந்த மெத்தென்ற மூக்குகளை ஒரு தேய் தேய்த்துவிடுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து ஒரு கிண்ணத்தில் ஹெட்டை அரை மணி நேரம் முக்கி வைப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறு குளியலறை ஊறுகாய் ஜாடி மாதிரி நாறும் என்று மகள் புகார் சொல்கிறாள்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் மறுபடி நேரம் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் 18 டிகிரி. வாளி 1 நிமிடம் 50 வினாடியில் நிறைந்தது. ஹெட் அதே ஹெட்தான். சாரல் காலம், வரத்து கூடியிருந்தது.

மழைத் தட்டை அம்மா விடவில்லை. காசு போட்டு வாங்கினதைத் தூக்கிப் போடுவாளா என்று ஒரு பழைய சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டுபோனாள். தம்பி அதைக் கீழ்வீட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கிறான். இரண்டு மாடிக்கு மேலே தொட்டி, வெயிலிலேயே காய்ந்த தண்ணீர், கீசரே தேவையில்லை. போன வாரம் கூப்பிட்டான். "அக்கா, நல்லாத்தான் விழுது. ஆனா உள்ள போன பிள்ளைக எதுவும் வெளிய வரமாட்டேங்குதுக. காலையில ரெண்டு தடவ மோட்டார் போட்டாச்சு."